சிவப்புக் கட்டம்

மலேசியாவின் குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் அவரைச் சந்தித்தேன். இயக்குநரும் இசையமைப்பாளரும் நேரில் பார்க்காமலே பேசி வேலை செய்ய ஒரு செயலி உருவாக்கியவர். கசங்காத சட்டை, சிரித்த முகம். ஆள்காட்டி விரல் மட்டும் சும்மா இருக்காது. மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

நான் கொதித்துப்போய் வந்திருந்தேன். நான் இசையமைத்த குறும்படத்தில், சிங்கப்பூர் வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்த மகனின் மோட்டார் சைக்கிளை லாரியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அம்மா அதன் சீட்டைத் துடைக்கிறாள். அந்த இடத்தில் வேண்டுமென்றேதான் நான் இசை போடவில்லை. இவருடைய செயலியோ அதைச் சிவப்புக் கட்டமாக்கி, ‘வேலை முடியவில்லை’ என்று இயக்குநருக்குச் சொல்லிவிட்டது. இயக்குநர் என்னைச் சோம்பேறி என்றார்.

“காலியா இருந்தா சிவப்புதான் வரும்ணே. லேசா ஏதாச்சும் போட்டு விடுங்க லா, பச்சையாயிடும்,” என்றார் செயலிக்காரர்.

“அது காலி இல்ல தம்பி. முதல்ல படத்தப் பாருங்க,” என்று மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.

அம்மா சீட்டைத் துடைக்கத் தொடங்கியதும் அவருடைய விரல் நின்றது. காட்சி முடியும்வரை அசையவே இல்லை.

“இப்ப உங்க விரல் நின்னுச்சே, அதுவும் முடியாத வேலையா?” என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நல்ல சீன்ணே,” என்றார். பிறகு மெதுவாக, “ஆனா சிவப்புதான் வரும்.”

விரல் மறுபடி தட்டத் தொடங்கியது. அழுதுவிட்ட மனிதரிடம் அதற்குமேல் என்ன சண்டை போடுவது? அந்தக் கோபம் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.