ஒரே ஒரு லீவு

ஓசூர் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஆபரேட்டர் அவர். பெரிய மீசை. கைரேகை மெஷினில் வைக்கும் முன் விரலைச் சட்டையில் அழுத்தித் துடைப்பார்.

வருடம் முழுக்க லீவே போடாதவருக்குத் தங்கக் காசு உண்டு. மார்ச்சில் கம்பெனி வருடம் முடிய நாலு நாள் இருக்கும்போது அவர் வரவில்லை. மறுநாள் கேட்டேன்.

“என்னண்ணா, காசு போச்சே?”

“ராயக்கோட்டையில சம்சாரம் பத்தாவதுல விட்டுப்போன ஒரு பாடத்துக்குப் பரீட்ச எழுதுச்சுப்பா. கைக்கொழந்தய வச்சிக்கினு நான் வாசல்ல நின்னேன்.”

பரிசளிப்பு விழா அன்றே ரிசல்ட்டும் வந்தது. பாஸ்! லட்டுப் பெட்டியோடு மேடையேறியவர், விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, காசு வாங்கியவருக்கே முதல் லட்டை ஊட்டினார்.

“பத்தாங்கிளாஸ் பாஸான பொம்பளயோட புருசன்டா நானு!”

காசு வாங்கியவர் யாரென்று எனக்கு இப்போது நினைவில்லை.