எங்கள் மேசையில் மட்டும் விழாத எடிட்டர்

எடிட்டர் நெதர்லாந்தில் விழுந்துகொண்டிருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் விழவில்லை. சப்போர்ட் வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. கண்முன்னே கிராஷ் ஆகிற மென்பொருளை எப்படியாவது பிடித்துவிடலாம். வாடிக்கையாளரிடம் ஆட்டம் போட்டுவிட்டு எங்களிடம் வந்ததும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிற மென்பொருளை எந்தப் பக்கத்தால் பிடிப்பது?

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், நீங்கள் கண்ட மோசமான பக், அதாவது மென்பொருள் பிழை, எது அக்கா என்று என்னைக் கேட்பதுண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் பக்கை விட, என்னோடு வேலை செய்த ஜெரோமைப் பற்றித்தான் கூட வரும் போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. நானா வைத்த கெடு

எங்கள் கம்பனி புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான எடிட்டர் ஒன்றைச் செய்து வெளிநாடுகளுக்கு விற்கிறது. காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஒஃபிஸ். உப்புக் காற்றில் வயர்களின் முனைகள் எல்லாம் பச்சை பிடித்துப்போகும். விண்டோஸ் பகுதிக்கு ஒரு பெரிய ஹோல் நிறைய ஆட்கள். லினக்ஸ் பகுதிக்கு ஜன்னலோரம் ஒரு நீள மேசை, அதில் நானும் ஜெரோமும்.

லினக்ஸ் என்கிற இயங்குதளம் ஒன்றல்ல. ஒரே அத்திவாரத்தின் மேல் பலபேர் தங்கள் விருப்பத்துக்குக் கட்டிய வீடுகள் மாதிரி, அதில் பல வகை உண்டு. டிஸ்ட்ரோ என்போம். ஒன்றில் ஒழுங்காக ஓடுகிற எடிட்டர் இன்னொன்றில் வாசற்படியிலேயே தடுக்கி விழும். ஆகவே ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் ஒரு டெஸ்ட் மெஷின் வைத்திருந்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிற ஜெரோம்தான் அவற்றுக்குப் பெயர் வைத்தார். வத்தளை, மருதானை, கொம்பனித்தெரு என்று எல்லாம் பஸ் நிற்கிற ஹோல்ட்களின் பெயர்கள். வாய்ப்பழக்கத்தில் ஒருமுறை நெதர்லாந்து வாடிக்கையாளரிடம் போன் கோலில், "மருதானையில் நன்றாக ஓடுகிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் மிகவும் அக்கறையாக, அது எந்த வெர்ஷன் என்று கேட்டார். ஜெரோம் மேசைக்குக் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

அந்த நெதர்லாந்து நிறுவனம்தான் எங்கள் பெரிய லினக்ஸ் வாடிக்கையாளர். அவர்களுடைய எஞ்சினியர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது எடிட்டர் திடீரென்று மறைந்துவிடும். எழுதியதும் போய்விடும். ஒருநாள் ஒன்றும் நடக்காது, இன்னொரு நாள் காலையிலேயே விழும். இப்படியே போனால் வேறு எடிட்டருக்கு மாறிவிடுவதாக எழுதிவிட்டார்கள்.

கம்பனியின் முதலாளி நியாஸ், அண்ணன் முறையில் எங்கள் எல்லோருக்கும் நானா. கொம்பனித்தெருவில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர், சத்தம் போட்டுக் கதைத்து நான் கண்டதில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வாசுகி, மாசம் முடியுற வரைக்கும் பாப்பம். சரிவரல்லன்னா லினக்ஸ மூடுறதுதான். ஒங்களுக்கு விண்டோஸ்ல எடம் இரிக்கி. ஜெரோமையும் சேத்து வெச்சிக்க எனக்கு ஏலாது."

நான் தலையாட்டிவிட்டு வந்து ஜெரோமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கைப் பற்றிய கவலை அந்த நிமிடமே எனக்குப் போய்விட்டது. வந்தது வேறு கவலை.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் செய்யவில்லை. ஜெரோமின் மனைவி இறந்து சில வருடங்கள். தங்கை குடும்பத்தோடு இருந்தார். எங்களுக்கிடையில் ஊர் கதைக்கிற மாதிரி எதுவும் இருக்கவில்லை. இருந்ததெல்லாம் அந்த மேசைதான். மென்பொருள் தான் செய்ததையெல்லாம் எழுதி வைக்கிற லொக் ஒன்றைத் திறந்து இருவரும் ஒரே வரியில் ஒரே நேரத்தில் கையை வைப்போம். நான் அவசரக்காரி, அவர் ஆறுதலானவர். காலையில் எழும்பும்போது இன்றைக்கு அவரோடு எதைத் தோண்டப் போகிறேன் என்ற நினைப்போடுதான் எழும்புவேன். அதை இழக்க நான் தயாராக இருக்கவில்லை.

2. எல்லாச் சந்தேகங்களும்

முதலில் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகித்தோம். அதை நிறுத்திவிட்டு ஓடவிட்டால் அங்கே பிறகும் விழுந்தது. திரையில் ஜன்னல்களை வரைகிற பகுதி டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ வேறு, அதைச் சந்தேகித்தோம். அடிப்படை லைப்ரரிகளின் வெர்ஷன்களைச் சந்தேகித்தோம். நெதர்லாந்தில் எந்த டிஸ்ட்ரோ, எந்த வெர்ஷன் என்று கேட்டு, அதையே இறக்கி மருதானையில் போட்டோம். மருதானை அசையவில்லை. ஒரு கிழமை, ஏழு நாளும், எடிட்டரைத் திறந்தே விட்டு, டாப் என்கிற பக்கங்களைப் புதிது புதிதாகத் திறந்து, பெரிய ஃபைல்களை ஏற்றி, எங்களால் இயன்ற கொடுமையெல்லாம் செய்தோம். சிரித்துக்கொண்டு நின்றது.

லொக் பாதி வரியோடு நின்றுவிடும், அதில் விஷயம் இல்லை. கோர் டம்ப் கேட்டோம். கிராஷ் ஆன நேரம் நினைவகத்தில் இருந்ததை அப்படியே எடுத்த பிரதி அது. அதற்குள் தங்கள் ரகசியக் கோட் இருக்கும் என்று அவர்கள் தர மறுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

டிஸ்ட்ரோக்களைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் தெரிந்தது. எல்லாம் நிரப்பிக்கொண்டு வருகிற பெரிய டிஸ்ட்ரோக்களில் பிரச்சினை இல்லை. வெறும் சுவரும் கூரையுமாக வந்து, மிச்சத்தை நீயே போட்டுக்கொள் என்கிற சின்ன டிஸ்ட்ரோக்களில்தான் அங்கே விழுந்தது. சின்னதில் எதுவோ குறைகிறது என்று இருவருக்கும் விளங்கியது. ஆனால் அதே சின்ன டிஸ்ட்ரோ எங்கள் மேசையில் ஏன் விழவில்லை என்பது விளங்கவில்லை. ஜெரோம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டு, சோறு ஆறும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். நானா வைத்த கெடுவை அவரிடம் சொல்லியிருந்தேன். வேறு எங்கேயாவது விண்ணப்பித்தீர்களா என்று ஒருநாள் கேட்டேன். இல்லை என்றார். இந்த வயதில் இன்னொரு மேசையில் போய் உட்கார முடியாது என்றும் சொன்னார். எனக்கு அன்று முழுக்க சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது.

3. நெட் போன மத்தியானம்

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிய டிஸ்ட்ரோ ஒன்றை மெஷினில் போட்டதும், வேறு எதையும் தொடுவதற்கு முன் தமிழ், சிங்கள ஃபொன்ட்களை இறக்கிப் போடுவோம். கீபோர்டையும் தமிழுக்கு மாற்றி, ஜெரோம் அதில் எங்கள் இருவரின் பெயரையும் எழுதிப் பார்ப்பார். எழுத்து ஒழுங்காகத் தெரிந்த பிறகுதான் எடிட்டரைப் போடுவது. புது வீட்டில் பால் காய்ச்சுகிற மாதிரி. யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. கொழும்பில் தமிழ் தெரியாத ஒரு கம்ப்யூட்டரை மேசையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற எண்ணம்தான்.

மாதம் முடியக் கொஞ்ச நாட்களே இருந்தன. அடைமழை. இன்னொரு சின்ன டிஸ்ட்ரோவைப் பென்டிரைவிலிருந்து புதிதாகப் போட்டு முடிக்க, ஒழுங்கை முழுக்க இன்டர்நெட் போய்விட்டது. ஃபொன்ட் இறக்க வழியில்லை. ஜெரோம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒருக்கா ஓடவிட்டுப் பாப்பம்," என்றேன். "ஃபொன்டைப் பிறகு போடலாம்."

"பால் காய்ச்சாத வீட்ல சமைக்கிறதா?" என்றார். விளையாட்டாகச் சொன்னாலும் மெஷினைத் தரவில்லை. நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு போய்க் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன்.

எங்கள் எடிட்டரில் புதிய டாப் திறக்கும்போதெல்லாம், வெற்றுப் பக்கத்தில் ஏதாவது ஒரு மொழியில் வரவேற்புச் சொல் ஒன்று வரும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று எழுந்தமானத்துக்கு மாறி மாறி வரும். ஆரம்ப காலத்தில் ஜெரோம்தான் அந்தப் பட்டியலில் தமிழையும் சிங்களத்தையும் சேர்க்க வேண்டும் என்று நின்று சேர்ப்பித்தவர். நான் டாப்களைத் திறந்துகொண்டே போனேன். பிரெஞ்சில் வரவேற்றது. ஆங்கிலத்தில் வரவேற்றது. அடுத்த டாப்பில் எடிட்டரே இல்லை.

இந்த மெஷினில் நாங்கள் செய்யாமல் விட்டது ஃபொன்ட் போடுவது ஒன்றுதான். பிறகு மற்ற மெஷினிலிருந்து தமிழ், சிங்கள ஃபொன்ட்களைக் கொப்பி பண்ணிப் போட்டோம். விழவில்லை. எடுத்தோம். விழுந்தது. ஜெரோம் மெதுவாகச் சொன்னார்:

"வாசுகி, வணக்கம் சொல்லப் போய்த்தான் செத்திருக்கு."

விஷயம் இதுதான். மெஷினில் தமிழ் ஃபொன்ட் இல்லாவிட்டால், எடிட்டர் வேறு ஃபொன்ட் ஒன்றைத் தேடும். சிஸ்டம் தன்னிடமுள்ள வழமையான ஃபொன்டைக் கொடுக்கும். அதிலும் தமிழ் இல்லாததால் எடிட்டர் திரும்பவும் தேடும், சிஸ்டம் திரும்பவும் அதையே கொடுக்கும். சுற்றிச் சுற்றி மூச்சு முட்டி விழுந்துவிடும். பெரிய டிஸ்ட்ரோக்களில் எல்லா மொழி ஃபொன்ட்களும் முதலே இருக்கும். சின்னவற்றில் இல்லை. எங்கள் மேசையிலிருந்த சின்னவற்றில் நாங்களே ஆசையாகப் போட்டிருந்தோம்.

நியாஸ் நானாவுக்கு ஒரே சந்தோஷம். பட்டியலிலிருந்து இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு அன்றைக்கே ரிலீஸ் பண்ணச் சொன்னார். ஜெரோம் மறுத்தார். தன் வேலை நூலில் தொங்குகிறது என்று தெரிந்துகொண்டே மறுத்தார்.

"நானா, வணக்கத்த எடுத்துட்டா கிராஷ் போகாது, ஒளிஞ்சிக்கும். நாளைக்கு யாராவது தன் பேர தமிழ்ல எழுதின ஃபைலத் தொறந்தாலும் விழும். எனக்கு ரெண்டு நாள் தாங்க."

நானா என்னைப் பார்த்தார். நான் ஓம் என்றேன். ஃபொன்ட் தேடுகிற பகுதியை ஜெரோம் திருத்தி எழுதினார். எழுத்து கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் ஒரு வெறும் கட்டத்தைப் போட்டுவிட்டு எடிட்டர் தன் வேலையைப் பார்க்கும். வணக்கம் பட்டியலிலேயே இருந்தது. லினக்ஸ் பகுதியும் இருந்தது.

4. யார் பிடித்தது என்று கேட்டார்கள்

நெதர்லாந்து நிறுவனத்தின் தலைமை எஞ்சினியர் நன்றி சொல்லக் கோல் எடுத்தார். ஜெரோம் அன்று லீவு. இதைப் பிடித்தது யார் என்று கேட்டார். நான் வாய் ஓயாமல் சொன்னேன். இருவருமாகப் பிடித்தோம் என்றும், சுலபமான வழியைக் காட்டியபோது வேண்டாம் என்று நின்றது ஜெரோம் என்றும், அவரைப் போல ஒருவரோடு நான் வேலை செய்ததில்லை என்றும் சொன்னேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் அவர்கள் ஜெரோமைத் தங்கள் நாட்டுக்கு வேலைக்கு அழைத்தார்கள். நல்ல சம்பளம், விசா எல்லாம் அவர்கள் பொறுப்பு.

ஜெரோம் அதை எனக்குக் காலி வீதி பஸ் ஹோல்டில் வைத்துத்தான் சொன்னார். வேலை முடிந்து புறக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். எனக்குப் பஸ் தேவையில்லை, வீடு நடை தூரம். ஆனாலும் தினமும் நிற்பேன்.

"நான் போகட்டா, வாசுகி?"

"நல்ல இடம். போங்கோ."

"நல்ல எடம்னு தெரியும். நீங்க என்ன சொல்றீங்கன்னுதான் கேட்டேன்."

"நான் சொல்ல என்ன இருக்கு? இப்பிடி ஒண்டு திருப்பி வராது."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் வந்தது, ஏறிப் போனார்.

நில்லுங்கோ என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் வாய் வரவில்லை. நாட்டு நிலைமையில் தெரிந்த சனமெல்லாம் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். போக வழி கிடைத்த மனிதரை, பக்கத்துக் கதிரை வெறுமையாகிவிடும் என்பதற்காக எப்படி மறிப்பது? அவரை இங்கே வைத்திருக்கத்தான் அந்தப் பக்கைத் தேடினேன். பிடித்ததும், பிடித்ததை நானே புகழ்ந்ததும் சேர்ந்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம் இதில் ஒன்று உண்டு. வாடிக்கையாளரிடம் விழுந்து உங்களிடம் விழாவிட்டால், அவரிடம் என்ன குறைகிறது என்று மட்டும் தேடாதீர்கள். உங்களிடம் என்ன கூடுதலாக இருக்கிறது என்று தேடுங்கள். ஆசைப்பட்டுச் செய்கிற காரியங்களை ஒருவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இப்போது எங்கள் மேசையில் ஒன்றுமே போடாத வெறும் மெஷின் ஒன்றையும் வைத்திருக்கிறோம்.

ஜெரோம் இப்போது எங்கள் வாடிக்கையாளர். அந்த நிறுவனத்து முறைப்பாடுகள், டிக்கெட் என்போம், அவர் பெயரில்தான் வருகின்றன. வட்ஸ்அப்பில் நத்தார்ப் பண்டிகைக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். அதற்கு மேல் அதில் என்ன கதைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. டிக்கெட்டில் தெரியும். எந்த டிஸ்ட்ரோ, எந்த வெர்ஷன், எதை எந்த வரிசையில் அழுத்தினால் என்ன நடக்கிறது என்று அவர் ஆறுதலாக எழுதுவார். நான் அவசரமாக ஒரு கேள்வி போடுவேன். பதில் வரும். எல்லோரும் பார்க்கிற இடம் என்பதால் சொந்தக் கதை ஒரு வரி இருக்காது. ஆனாலும் நான் இரண்டு மூன்று தரம் வாசிப்பேன். அந்த மேசையும் அவரும் வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும்.

சரிவந்துவிட்டது என்று வாடிக்கையாளர் எழுதினால் டிக்கெட்டை அன்றைக்கே மூட வேண்டும். நான் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லும் விதி இது. போன மாதம் ஜெரோம் ஒரு சின்னப் பிரச்சினை அனுப்பினார். திருத்தி அனுப்பினேன். சரிவந்துவிட்டது, நன்றி என்று எழுதினார். இந்தக் கிழமை நியாஸ் நானா வந்து, அது ஏன் இன்னும் திறந்து கிடக்கிறது என்று கேட்டார். இன்னும் ஒரு டிஸ்ட்ரோவில் பார்க்க இருக்கிறது என்றேன்.

எல்லாவற்றிலும் பார்த்து முடித்துவிட்டேன். டிக்கெட்டை மூடுகிற பொத்தான் வாடிக்கையாளர் பக்கத்திலும் ஒன்று உண்டு. அவரும் அதை அழுத்தவில்லை.