எண்ணெய்த் தலையில் வைத்த சூடு

“உங்கம்மா முடி எப்படிக் கருகிச்சுன்னு உனக்கு எதுக்குடி? பரீட்சையில கேக்கப் போறாங்களா? போ, போய்ப் படி!” என்று எத்தனை விரட்டினாலும் என் கொள்ளுப்பேத்தி நகர மாட்டாள். சொல்லித்தான் தொலைக்க வேண்டும்.

அப்போது நாங்கள் வங்காளத்தில், லேக் கார்டன்ஸ் பகுதியில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். இவளுடைய அம்மா, அதாவது என் பேத்தி, விமானப் பணிப்பெண் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டிய காலை. என் மகன் ஒரே ஒரு தடவைக்குத்தான் சம்மதித்திருந்தான்.

“இது கிடைக்கலேன்னா பேசாம பேங்க் பரீட்சைக்கு உக்காரணும். அதுவரைக்கும் அக்கம்பக்கத்துல மூச்சு விடக் கூடாது. முக்கியமா நீ, அம்மா!”

பேத்திக்கு என்னைப் போலவே சுருட்டை முடி. காக்கா உள்ளே கூடு கட்டினாலும் வெளியே தெரியாது. அதை நேராக்க ஒரு தோழியிடம் ஸ்ட்ரெய்ட்னர் கடன் வாங்கி வந்திருந்தாள். எனக்கு அது அப்பளம் சுடுகிற இடுக்கி மாதிரிதான் தெரிந்தது.

அது சூடேறுவதைப் பார்த்து என் மருமகள் ஓடி வந்தாள். “வெறும் முடியில இவ்வளவு சூடு வெச்சா ஒட்டிக்காதா? எண்ணெய் தடவாம கல்லுல தோசை வார்ப்போமா?” என்று கை நிறையத் தேங்காயெண்ணெய் எடுத்து மகள் தலையில் தேய்த்துவிட்டாள். தினமும் எண்ணெய் வைத்த தலை. பேத்திக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

காதோரத்தில் ஒரு கற்றையைப் பிடித்து அழுத்தினாள். சுர்ரென்றது. குபுகுபுவெனப் புகை. “ஐயோ!” என்று இழுத்தாள். விரல் கனத்துக்கு முடி இடுக்கியோடு வந்துவிட்டது.

பேத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் போகல. இந்த மூஞ்சிய எவன் எடுப்பான்?”

கீழே டாக்ஸிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். வெளியே மகன் கதவை இடிக்கிறான்: “என்ன நாத்தம் அங்க?” பக்கத்து வீட்டு மாஷிமா, ஊருக்கே சித்தி, சமையலறை ஜன்னலில் நின்று “தீதி, என்ன கருகுது?” என்று என்னை அக்கா முறை வைத்து வங்காளி மொழியில் கத்துகிறாள். மருமகளோ எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்து, எரிச்சலில் இன்னும் அழுகிறாள். ஒரே ஒரு தடவை என்றானே பாவி.

சட்டென்று டிவியில் வரும் விமான விளம்பரம் ஞாபகம் வந்தது.

“எழுந்திருடி! பிளேன்ல எவ தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டுக் காபி குடுக்கறா? எல்லாம் இறுக்கின கொண்டைதானே!”

வாரினேன். அந்த எண்ணெயே இப்போது உதவிக்கு வந்தது. ஒரு சுருள்கூடத் தலைதூக்காமல் படிந்தது. கருகிய மிச்ச முடியை மடக்கி ஊசி குத்தினேன். நாற்றத்துக்குக் கழுத்தில் பவுடரைக் கொட்டினேன். என் பேத்தி அழுத கண்ணோடு படியிறங்கி ஓடினாள்.

அவள் போன பிறகுதான் ஜன்னலுக்குப் போனேன். “குழம்புக்குத் தாளிச்சேன் மாஷிமா, தீஞ்சுடுச்சு” என்றேன். அந்தப் பொய்க்காக அன்று கொளுத்துகிற வெயில் வேளையில் வேண்டாத குழம்பு வைத்து, அவளுக்கு ஒரு கிண்ணமும் கொடுக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் பேத்தி அதே கொண்டையோடு, வேலையோடு வந்தாள். மகன் வாயைத் திறக்குமுன் நான் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு மாஷிமா வீட்டு வாசலில் நின்றேன். அங்கே இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

“காலையில தாளிச்சது குழம்பு இல்ல, என் பேத்தி தலை. வேலை கிடைச்சிடுச்சு. இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டிருந்தா பைலட்டே ஆயிருப்பா!”