கோட்டைச்சாமி கொடுக்காத பில்

என் அக்கா கற்பகத்தின் கணவர் கோட்டைச்சாமியோடு ஓட்டலுக்குப் போகிறவன் பணம் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. கை கழுவுகிற சாக்கில் எழுந்து போவார். நாம் ஈரக்கையோடு திரும்புவதற்குள் பில்லைக் கொடுத்து முடித்திருப்பார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற மனுஷன். மழை ஏமாற்றிய வருஷங்களிலும் இந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை. அக்கா கல்யாணமான புதிதில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம் என்று முயன்றேன். இன்னும் முயன்றுகொண்டுதான் இருக்கிறேன். ஊர் இதைத் தாராள மனசு என்கிறது. அடாவடி என்பேன் நான்.

விருதுநகரில் ஓட்டல் நடத்துகிற இராமகிருஷ்ணன், அச்சு மெஷின் பார்க்கப் போகும் சொந்தக்காரரோடு தொற்றிக்கொண்டு சீனா போனார். அங்கே முகத்தைக் காட்டிப் பணம் கட்டுவதைப் பார்த்துச் சொக்கிப்போய், அதேபோல் ஒரு கருவியைத் தன் கல்லாவில் வைத்தார். ஒரு தடவை முகத்தையும் வங்கிக் கணக்கையும் பதிந்துவிட்டால் போதும். அடுத்த முறை அதன் முன்னால் நின்றாலே பணம் போய்விடும். நம் பெயரைச் சொல்லி ஒரு பெண்குரல் ஓட்டல் முழுக்கக் கேட்க நன்றி சொல்லும்.

மச்சான் கோட்டைச்சாமி முதலில் அதை முறைத்தார்.

"மூஞ்சியப் பாத்துக் கடன் குடுப்பாக. துட்டு எடுப்பாகளா?"

பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். "ஏம்ப்பா, சீனாவுல பில்லுக்குச் சண்டை போட மாட்டாகளா?"

"அங்கனயும் போடுவாகண்ணே. முந்தி கைய நீட்டுனாக, இப்ப தலைய நீட்டுறாக," என்றார் இராமகிருஷ்ணன்.

அவ்வளவுதான், மச்சான் அப்போதே பதிந்துகொண்டார். பர்ஸைத் தேட வேண்டாம், பின்னாலிருந்து நம் தோளுக்கு மேல் தலையை நீட்டினால் போதும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. குரங்கு கையில் பூமாலை கிடைத்த கதைதான்.

இந்த அடாவடியால் அவர் மகள் நாகஜோதிக்கு ஒரு சம்பந்தமே கெட்டுப்போனது. எங்கள் பக்கம் பேசி முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் செலவில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். போன தடவை வந்தவர்களின் ஓட்டல் பில்லை மச்சான் முந்திக் கொடுக்க, "சோத்தப் போட்டு மடக்கப் பாக்குறாக" என்று அவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தத் தடவை வந்த வரன் தாயில்பட்டி மணிமுத்து. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. நாகஜோதி அங்கேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். போட்டோவைப் பார்த்ததுமே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஆனால் அவன் அம்மா வேலுத்தாய் ரொம்பக் கறார். "ஓட்டல்ல வச்சுப் பாப்போம். அவுகவுக துட்டு அவுகவுக. வீட்டுக்குப் போயி யோசிச்சுச் சொல்லுதோம்," என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

"யப்பா, இதையும் கெடுத்துறாதீக," என்று சொல்லி, தன் தலையில் அப்பாவின் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள் நாகஜோதி. அவள் கண் கலங்கியதைப் பார்த்து மச்சான் ஆடிப்போய்விட்டார்.

அன்றைக்கு இராமகிருஷ்ணன் ஓட்டலில் கல்லாவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். கருவி தன்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று, கை கழுவப் போகும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரமாக நடந்தார்.

வேலுத்தாய் என் பக்கம் குனிந்தார். "அவுகளுக்குப் பல்வலியா?"

"ஆமா," என்றேன். வேறென்னத்தைச் சொல்ல?

பொரித்த பரோட்டா மணமாகத்தான் வந்தது. வேலுத்தாய் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். மணிமுத்துவும் நாகஜோதியும் கை கழுவும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பேசினார்கள். பிறகு தன் வீட்டுப் பங்குப் பணத்தைக் கட்ட மணிமுத்து கல்லாவுக்கு நடந்தான். நாகஜோதியும் பின்னாலேயே போனாள். மச்சான் துண்டை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

அப்போது அந்தப் பெண்குரல் கேட்டது. "நன்றி, நாகஜோதி."

அவன் தோளுக்கு மேல் தலையை நீட்டி, இரண்டு வீட்டுப் பில்லையும் சேர்த்துக் கட்டிவிட்டாள்! அவளும் முகத்தைப் பதிந்து வைத்திருந்தது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

வேலுத்தாய் தன் கையைப் பார்த்தார். "அப்ப நாங்க கை நனைச்சாச்சா?"

"ஆமாத்தே," என்றாள் நாகஜோதி. குரல் நடுங்கினாலும் தலை குனியவில்லை. "எனக்குச் சம்மதம். அவுகளுக்கும் சம்மதம்னு கேட்டுக்கிட்டுத்தான் மூஞ்சியக் காட்டுனேன்."

"ஏலே, அப்படியா?"

மணிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். வேலுத்தாய் மகனைப் பார்த்தார், நாகஜோதியைப் பார்த்தார், துண்டுக்குள் ஒளிந்திருந்த மச்சானைப் பார்த்தார்.

"அப்பனுக்குத் தப்பாத பிள்ள," என்று பெருமூச்சு விட்டார். "சரி, இன்னும் ரெண்டு பரோட்டா வைக்கச் சொல்லுங்க. கௌரவத்துக்காக அரை வயித்தோட உக்காந்திருக்கேன்."

அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மச்சான் துண்டை எடுத்தார். முகமெல்லாம் கண்ணீர். தட்டில் மிச்சமிருந்த பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டு மெதுவாக மென்றபடி என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, அடுத்தவுக துட்டுல சாப்பிட்டா இம்புட்டு ருசியாவா இருக்கும்?"

"கல்யாணமான நாள்லருந்து நீங்க எனக்கு அதைத்தானே மச்சான் போட்டுக்கிட்டிருக்கீக," என்றேன்.