கோடுகளாகத் தெரிந்த பெயர்

சண்டைக் காலத்தில் மட்டக்களப்பு நகரத்தில் நான் வேலை செய்த அச்சகத்துக் கம்ப்யூட்டர், ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதையும் மதிக்காது. உள்ளே தமிழில் எத்தனை கல்யாணக் கார்டும் அடிக்கலாம். கோப்புக்குப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டும். எங்களுக்கு அது பழகிவிட்டது. சோதனைச் சாவடியிலும் எங்கள் பெயரை வேறு எழுத்தில்தானே பதிந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஓட்டமாவடிக் காக்கா ஒருவர் வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். செங்கலடியில் துணிக்கடை வைத்திருந்தவர், தங்கையின் கல்யாணக் கார்டை அங்கேயே ஒரு டைப் கடையில் அடிப்பித்து, அந்தக் கடைப் பிளாப்பி டிஸ்க்கிலேயே கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை கட்டாரிலிருந்து சொற்ப லீவில் வந்திருந்ததால் எல்லாமே அவசரம். மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சொந்தக்காரருக்குக் கார்டு கொடுத்தாக வேண்டும். அதற்கு அன்று பின்னேரமே, ஆமி பாதையை மூடுமுன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

பிளாப்பியைப் போட்டேன். மூன்று கோப்புகள், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். எதைத் தட்டியும் திறக்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிச் செங்கலடி டைப் கடைக்குப் போன் போட்டேன். டைப் செய்த பிள்ளை சாவகாசமாகப் பேசினாள்.

"புதுக் கம்ப்யூட்டர் வந்திரிக்கு அண்ணன். பேரையும் தமிழ்ல வைக்கலாம். அதான் வச்சன்."

"இஞ்ச கிடக்கிற பழசுக்கு அது விளங்காது. இனி இங்கிலீசில வை."

"இவ்வளவு காலமும் மாட்டன் எண்ட மெசின் இப்பதான் ஓம் எண்டிரிக்கு. நான் வைக்காம இருப்பனா?"

போனை வைத்தேன்.

காக்கா மணிக்கூட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, கார்ட் இல்லாம ஊட்ட போனா உம்மா என்ன உசிரோட விடமாட்டா" என்று சிரித்தார். பாவமாக இருந்தது.

அப்போதுதான் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் பழைய வழி ஞாபகம் வந்தது. நாம் வைக்கும் நீளப் பெயரைத் தவிர, கம்ப்யூட்டர் தன் வசதிக்கு ஒரு குட்டிப் பெயரும் வைத்துக்கொள்ளும். அங்கே போய்ப் பார்த்தால் மூன்று குட்டிப் பெயர்களும் பத்திரமாக இருந்தன. அவற்றைச் சொல்லி ஒவ்வொன்றாக நகலெடுத்துத் திறந்தேன். முதலாவது அந்த டைப் கடைக்கு வந்த வேறு யாருடையதோ விதைநெல் நோட்டீஸ். இரண்டாவது ஐந்தாம் ஆண்டுக் கணக்குப் பேப்பர். மூன்றாவதில் பிறையும் மணமக்கள் பெயரும் தெரிந்ததும் காக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

மை காயுமுன்பே கார்டுகளைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். பிளாப்பியை மறந்தே போனார். எல்லாருக்கும் கொடுத்தாயிற்று என்று மறுநாள் போன் வந்தது.

அடுத்த வருசம் எங்களுக்கும் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. முதல் வேலையாக மேசை லாச்சிக்குள் கிடந்த அந்தப் பிளாப்பியைப் போட்டேன். கோடுகள் நின்ற இடத்தில் தமிழ் எழுத்துகள். வந்த சந்தோசத்தில் ஆள் இருப்பதையும் பாராமல் சத்தமாக வாசித்தேன். நெல் நோட்டீஸ். கணக்குப் பேப்பர். மூன்றாவது கோப்புக்கு அந்தப் பிள்ளை வைத்திருந்த பெயர்: "காக்காட தங்கச்சி கார்ட், அண்ணன் இத முதல்ல அடிங்க."