வெள்ளை வேட்டிக்கு அளந்த வெளிச்சம்

பெண்ணின் படத்தை அனுப்பினால் போதும் என்று நாகப்பட்டினத்து மாப்பிள்ளை வீட்டார் எழுதியதிலிருந்து அம்மா எங்களை நிம்மதியாகச் சோறு தின்ன விடவில்லை. அக்காவுக்கோ பத்தொன்பது முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ஒரு வேலி நிலம். இந்த வாரக் கப்பலிலேயே படம் போயாக வேண்டும்.

படம் எடுக்க மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, மலாயாவில் ஜாசின் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்திலேயே கணக்கெழுதும் கிராணி. ஊர் திரும்பிய துரை ஒருவர் தம் கேமராவையும், வெளிச்சம் எவ்வளவு என்று ஊசியால் காட்டும் ஒரு கருவியையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் கருவியின் புராணத்தை மாமா என்னிடம் நூறு தடவை பாடியிருப்பார். அதற்கு முகம் எது, துணி எது என்று தெரியாதாம். எதிரே வெள்ளை அதிகமிருந்தால் வெயில் கொளுத்துகிறது என்று நினைத்து ஊசி ஏறிவிடுமாம். அதை நம்பிக் கேமராவுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைத்தால் முகம் கறுத்துப்போகும். ஆகவே முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அளக்க வேண்டும். பத்து வயதுப் பெண்ணான எனக்கே மனப்பாடம்.

அக்கா சிவப்பாகத் தெரிய அம்மா பவுடரை அப்பினாள். பின்னால் அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க என்னை நிறுத்தினாள். கை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. மாமாவோ பத்தடி தள்ளி நின்று கருவியை நீட்டினார்.

"மாமா, கிட்ட வந்து அளங்க! வேட்டியைப் பாத்து ஊசி ஏறிடும்!" என்று கத்தினேன்.

"வேணாம் மாமா, கூச்சமா இருக்கு. அங்கேயே அளங்க லா," என்ற அக்கா, கையைப் பின்னால் நீட்டி என்னைக் கிள்ளினாள்.

தினமும் மாமாவோடு வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு அன்றைக்கென்று எங்கிருந்து வந்ததோ கூச்சம்! மாமாவும் தலையாட்டிவிட்டு அங்கிருந்தே அளந்து எடுத்தார். எனக்கு வந்த எரிச்சலில் வேட்டியைக் கிழித்திருப்பேன்.

மலாக்கா சீனர் கடையில் கழுவி வந்த படத்தில் அக்காவின் முகம் அடுப்புக்கரியாக இருந்தது. மறுநாள் கப்பல். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அதையே அனுப்பினாள். இரண்டு மாதத்தில் பெண் வேண்டாம் என்று பதில் வந்தது.

"ஒரு படம் உருப்படியா எடுக்கத் தெரியல! இனிமே இவள யாருடா கட்டுவான்? நீ கட்டுவியா?" என்று அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிக்கா," என்றார் மாமா.

தை மாதம் கல்யாணம். எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. ஒழுங்காக அளந்திருந்தால் அக்கா நாகப்பட்டினத்தில் நிலத்துக்காரியாக இருந்திருப்பாளே என்று பந்தலிலேயே மாமாவிடம் சண்டைக்குப் போனேன். அவர்கள் இருவரும் ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை.