சகலை வண்டி கொடுத்த பதினாலு

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதாவது என் சகலை, நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது. அவரிடமும் என்னிடமும் ஒரே மாடல் சரக்கு வண்டி. நான் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றி எடப்பாடி, ஓமலூர்க் கடைகளுக்குப் போடுகிறேன். அவர் இளம்பிள்ளையிலிருந்து சேலைக் கட்டுகளைச் சேலத்துக்குக் கொண்டுபோகிறார். போன வருஷம் நான்கு டயரையும் மாற்றி, அலாய் வீலும் போட்டார். அதிலிருந்து அவர் வண்டி லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுக்க ஆரம்பித்தது. என்னுடையது பதினொன்று.

இந்தச் செய்தி எனக்கு ஒரு காதுகுத்து விருந்தில் வந்து சேர்ந்தது. பந்தியில் கேட்காமலே பெருமையடித்தார். இல்லை, பொய் சொல்லக்கூடாது, யாரோ கேட்டதற்குத்தான் சொன்னார். சுற்றி இருந்தவர்களெல்லாம் கையைச் சோற்றில் வைத்தபடி அவர் வாயையே பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ரசம்கூட இறங்கவில்லை. லைசென்ஸுக்கு எட்டுப் போடவே அந்த மனிதருக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான். அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி ஆரம்பித்தாள்.

"தங்கச்சி ஊட்டு வண்டி பதினாலு குடுக்குதாமா. நம்முளுது மட்டும் ஏனுங்க பதினொண்ணுலயே நிக்குது?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

என் டயர்களும் தேய்ந்துதான் இருந்தன. அடுத்த வாரமே டயர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, என்ன லோடு என்பது. முட்டை என்றதும், கொஞ்சம் இளக்கமான டயர் இரண்டு வகை காட்டினார். மைலேஜ் சற்றுக் குறைந்தாலும் லோடு குலுங்காது என்றார். நான் அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டிய டயரின் பெயரையும் நம்பரையும் மனப்பாடமாகச் சொன்னேன். காதுகுத்து நடந்த மண்டபத்து வாசலில் செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்து, சகலை வண்டி டயரில் இருந்ததைப் படித்து வைத்திருந்தேன்! அது கெட்டி ரப்பர், இழுவை இல்லாமல் உருளும், டீசல் மிச்சமாகும், சேலைக்குச் சரி, முட்டைக்கு யோசித்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். நான் யோசிக்கவில்லை. பாரம் தாங்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு, சகலை போட்ட அதே டிசைன் அலாய் வீலையும் மாட்டச் சொன்னேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

டேங்கை நிரப்பி ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வந்தது. வேறொருவனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். நான் காற்றடிக்கிற இடத்துக்குப் போய், கடைக்காரர் சொன்ன அளவுக்கு மேல் ஐந்து பவுண்டு ஏற்றினேன். பன்னிரண்டரை. இன்னும் ஐந்து ஏற்றினேன். பதிமூன்று! டயர் கல்லாகிவிட்டது. ரோட்டில் கிடக்கிற புளியங்கொட்டைகூட என் முதுகெலும்பில் தெரிந்தது. ஆனால் மறுநாள் காலையில் மனைவி தங்கைக்குப் போன் போட்டு, "எங்களுதும் பதிமூணு குடுக்குது கண்ணு" என்று சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் எடப்பாடிக் கடைக்காரர் அடியில் இருந்த முட்டை அட்டையைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் கரு ஒழுகியிருந்தது. மறுநாள் ஓமலூரிலும் அதே கதை. இரண்டு கடையிலிருந்தும் பண்ணைக்குப் போன் போனது. முதலாளி என்னைக் கூப்பிட்டு ரோடு எப்படி என்று விசாரித்தார். எப்போதும் போகிற ரோடுதான், ஒரு குறையும் இல்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் ரோடு மேல் குற்றமில்லை என்றால், அட்டைகளை வண்டியில் அடுக்கிக் கயிறு கட்டுகிறவர் மேல்தானே குற்றம் போகும்? அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பத்து வருஷமாக என் வண்டிக்கு அடுக்குகிறவர். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று என் கண் முன்னாலேயே சொன்னார்கள். நான் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா? அன்று சாயங்காலமே காற்றைச் சரியான அளவுக்கு இறக்கிவிட்டேன். இனி உடையாது, எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மடையன். மறுநாள் வேறொருவர் அடுக்கினார், ஒரு முட்டைகூட உடையவில்லை. முதலாளி என் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா, ஆள மாத்துனதும் செரியாப் போச்சு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நான் பழியை இறக்கி வைக்கப் போய், அந்த அம்மா தலையில் ஆணி அடித்து இறுக்கிவிட்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. திறந்தால் காற்று விஷயம் வெளியே வரும், வண்டி மறுபடியும் பன்னிரண்டுக்கு இறங்கியது தெரியும், சகலை காதுக்குப் போகும். அந்த மனிதர் சிரித்துத் தொலைத்தாலாவது பரவாயில்லை. ஆறுதல் சொல்வார். அதுதான் எனக்கு ஆகாது.

வேலையை விட்டு நிறுத்திய எட்டாம் நாள் அந்த அம்மா பண்ணை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன்.

"நாங் கட்டுனது செரியாத்தானுங்கண்ணா இருந்துச்சு. பத்து வருசமா பாத்திருக்கீங்களே. நீங்க ஒரு வார்த்த சொன்னா மொதலாளி கேட்டுக்குவாருங்க."

என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். வேறு யாராவது கேட்டிருந்தால் இன்னும் எட்டு நாள் தள்ளிப் போட்டிருப்பேன். இறங்கி, அவரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குள் போனேன். டயரை, காற்றை, இறக்கின நாளை, எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி நம்பாமல் என்னையே பார்த்தார். முட்டை வண்டிக்கு அத்தனை காற்று எதற்கு என்று கேட்டார். டீசலை மிச்சம் பிடிக்கத்தான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் தப்பாக எடுத்திருக்க மாட்டார்கள்.

"என்ற சகலை வண்டி பதினாலு குடுக்குதுங்க" என்றேன்.

முதலாளி அந்த அம்மாவை நாளையிலிருந்து வரச் சொல்லிவிட்டு, நோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வந்ததும் அந்த அம்மா நின்றார்.

"அவரு உங்ககூட போட்டி போட்டாருங்களாண்ணா?"

இல்லை, அவருக்கு இது எதுவுமே தெரியாது என்றேன்.

"அப்பறம் எட்டு நாளு நா ஊட்டுல உக்காந்திருந்தது யாருக்காகங்கண்ணா?"